ஹியூம் நெடுஞ்சாலையில் ஒரு பள்ளிக்கூடச் சின்னம்

வியாழன், காலை 5.30, டூங்கபி

பெற்றோல் நிலையத்துக்கு சுதன் எனக்கு முன்பே வந்து நின்றான். லீற்றர் 1.98 டொலர். இரண்டு வண்டிகளையும் நிரப்பி, ரயர்களுக்குக் காற்றுப் பார்த்து, மெல்பேர்ணுக்குப் புறப்பட்டோம். தூரம் 870 கிலோமீற்றர். விமானத்தில் போனால் ஒன்றரை மணித்தியாலம். மோட்டார் சைக்கிளில்தான் போகவேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். மோட்டார் சைக்கிள் ஓட்டிகளைப் பொலிஸ் மறிப்பது பற்றிப் பேசும் கூட்டத்துக்கு விமானத்தில் போய் இறங்கினால் மரியாதையாகவா இருக்கும்? நார்த்மீட்டில் என் வீட்டு வாசலில் நின்று மனைவி, "உங்களுக்கு அம்பத்தாறு வயசு" என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் முதுகைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

சுதனும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், பதினெட்டு வருட இடைவெளியில். அதன் பழைய மாணவர் சங்கத்துக்கு சிட்னியில் நான் செயலாளர். எங்களவர் நாட்டை விட்டாலும் பள்ளிக்கூடத்தை விடமாட்டார், இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது வசனத்தில் "நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம்?" வந்துவிடும். சங்கத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த பதினாலு பேர் சேர்ந்து ஓர் ஓட்டக் குழு தொடங்கினோம். மாதம் ஒரு ஞாயிறு மலைப்பக்கம் போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதுதான் வேலைத்திட்டம். குழு என்றால் ஒரு சீருடை வேண்டாமா? கறுப்புத் தோலில் கையில்லாத மேற்சட்டை தைப்பித்தோம். முதுகில் மேலே வளைவாக "பழைய மாணவர்", நடுவில் பள்ளிச் சின்னமான எரியும் விளக்கு, கீழே வளைவாக "யாழ்ப்பாணம்". வடிவமைத்தவன் நான். இணையத்தில் நாலைந்து படங்கள் பார்த்து, வடிவாக இருந்த ஒன்றைப் பின்பற்றினேன்.

அந்த வடிவு யாருடையது என்று நான் யோசிக்கவில்லை. இந்த நாட்டில் போதைப்பொருள், துப்பாக்கி என்று பேர்போன மோட்டார் சைக்கிள் கும்பல்கள் முதுகில் தைப்பது இதே மூன்று துண்டைத்தான். மேலே கும்பலின் பெயர், நடுவில் படம், கீழே அவர்கள் உரிமை கோரும் நிலம். பொலிஸ்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர் கண்டதெல்லாம் நெருப்பைச் சின்னமாக வைத்துக்கொண்டு ஏதோ ஓர் இடத்தைத் தனது என்று சொல்லும் ஒரு புதுக் கும்பல். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்டவன் நான். ஊரில் எங்கள் காணி இன்னமும் இராணுவ முகாமின் முட்கம்பிக்குள் கிடக்கிறது. இங்கே நாங்கள் யாழ்ப்பாணத்துக்கு உரிமை கோரிக்கொண்டு திரிந்தோம்.

மற்றவர்கள் நாங்கள் மாதத்தில் ஒருநாள் போட்டுக் கழற்றினோம். சுதன் தினமும் போட்டான். கட்டடங்களில் தரை ஓடு பதிப்பதுதான் அவன் வேலை. விடியமுன் வேலைத்தளத்தில் நிற்க வேண்டும், அந்த நேரத்துக்கு ரயில் தோதுப்படாது. தோல் காற்றுக்கு நல்லது என்பான். ஒருமுறை வேறொரு காரணமும் சொன்னான். "அண்ணை, இந்த நாட்டிலை முடிவுத் திகதி போடாமல் எனக்குத் தந்த முதல் சாமான் இதுதான்."

படகில் வந்தவன் அவன். வில்லாவுட் தடுப்பு முகாமில் ஒன்றரை வருடம் இருந்தான். இப்போது இருப்பது தற்காலிக விசா, கொஞ்சக் காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒழுங்காக நடப்பேன் என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்தும் வைத்திருக்கிறான். பொலிஸ் அவன் மேல் ஒரு வழக்கு எழுதினால் போதும், தீர்ப்பு வரும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். விசா போகலாம், திரும்ப வில்லாவுட். கடந்த வருடத்தில் அவனை ஒன்பது தடவை மறித்திருக்கிறார்கள். என்னை ஒரு தடவைகூட இல்லை.

மெல்பேர்ணில் ஒரு மேலவை உறுப்பினர் இதற்கொரு சட்டமூலம் வரைந்திருந்தார். ஓட்டுகிற வண்டியையோ முதுகிலுள்ள சின்னத்தையோ மட்டும் வைத்துப் பொலிஸ் ஒருவரை மறிக்கக்கூடாது. மறித்தால் காரணத்தை எழுத வேண்டும். பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோக முன்னர் வெள்ளிக்கிழமை கருத்துக் கேட்கும் கூட்டம். சிட்னிப் பக்கத்தில் இப்படியொன்றைக் கேட்டுக் களைத்துப்போன ஓட்டிகள், மெல்பேர்ணில் நிறைவேறினால் அதைக் காட்டி இங்கேயும் கேட்கலாம் என்று நம்பினார்கள். சுதனைப் பேசச் சொல்லி இரண்டு மாதமாக நச்சரித்தவன் நான். அவன் யோசித்து யோசித்துத்தான் ஓம் என்றான்.

காலை 7.40, கோல்பேர்ணுக்குச் சற்று முன்

இன்னும் பத்துக் கிலோமீற்றர் போனால் கோல்பேர்ணின் பென்னாம்பெரிய கொங்கிரீற் செம்மறியாட்டைப் பார்த்திருக்கலாம். அதற்குள் பின்னால் நீல விளக்கு எரிந்தது. 110 எல்லையுள்ள வீதியில் நாங்கள் 105இல் போய்க்கொண்டிருந்தோம்.

இரண்டு பொலிஸ்காரர்கள். என் லைசன்ஸை இளையவர் வாங்கிப் பார்த்து இரண்டு நிமிடத்தில் "நன்றி சேர்" என்று திருப்பித் தந்தார். சுதனுடையதை எடுத்துக்கொண்டு காருக்குள் போய் இருந்தார். மூத்தவர் சுதனின் பைகளைத் திறக்கச் சொன்னார். மாற்று உடுப்பு, தேநீர்ப் போத்தல், என் மனைவி கட்டிக்கொடுத்த இடியப்பப் பொட்டலம். பிறகு மேற்சட்டையைக் கழற்றி நெஞ்சுக்கு முன்னால் விரித்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்.

"கீழே எழுதியிருப்பது என்ன?" என்று கேட்டார்.

"யாழ்ப்பாணம். அது ஓர் ஊர்" என்றேன் நான்.

"உங்கள் கிளை அங்கேயா?"

"பள்ளிக்கூடம் அங்கே."

"அப்படியானால் இங்கே எந்தப் பகுதி உங்களுடையது?"

எந்தப் பகுதியும் எங்களுடையதல்ல என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஏன் மறித்தீர்கள் என்று கேட்டதற்கு வழமையான சோதனை என்றார். முப்பத்தைந்து நிமிடம். வழக்கு ஒன்றும் எழுதவில்லை. சுதன் அவ்வளவு நேரமும் கையிரண்டையும் தெரியும்படி தொடையில் வைத்துக்கொண்டு நின்றான். யாரும் அவனை அப்படி நிற்கச் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாய் திறந்தால் அவனுக்குத்தானே பிழை.

"பத்து" என்றான் சுதன், தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு.

காலை 10.50, கண்டகாய்

டூங்கபியிலிருந்து 360 கிலோமீற்றர். கோப்பி 5.50 டொலர், அதற்குரிய ருசி இல்லை. சுதன் சங்கிலிக்கு எண்ணெய் போட வெளியே போனபோது எனக்கு ஒரு தொலைபேசி. சங்கத் தலைவர். பல் வைத்தியர், நல்ல மனிதர், கோயில் திருவிழாவில் முதல் ஆளாக நிற்பவர்.

"நேசன், நேற்றுக் கொமிற்றியிலை கதைச்சனாங்கள். சுதன்ரை விசயத்தை அங்கை எடுக்கவேண்டாம். நாளைக்குப் பேப்பரிலை வந்தால் பள்ளிக்கூடத்தின்ரை பேர் என்னாகிறது? நாங்கள் எப்பிடிப்பட்ட ஆக்கள் எண்டதைச் சொல்லும். டொக்டர்மார், எஞ்சினியர்மார். அதுதான் எடுபடும்."

"அவனைத்தானே மறிக்கிறாங்கள்" என்றேன்.

"அவன் சந்தா கட்டுறேல்லைத்தானே. சட்டப்படி பார்த்தால் உறுப்பினரே இல்லை."

சந்தா வேண்டாம் என்று அவனிடம் சொன்னவனே நான்தான். அதைத் தலைவருக்குச் சொல்லியிருக்கலாம். "சரி, பாப்பம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். சுதன் வந்து யார் என்று கேட்டான். வீட்டிலிருந்து என்றேன்.

மதியம் 12.40, ஹோல்புறூக்

கடலுக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் நடு ஊரில், புல்வெளியில், ஓர் உண்மையான நீர்மூழ்கிக் கப்பலின் உடல் கிடக்கிறது. பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். சுதன் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தான்.

"அண்ணை, இதுவும் கடலாலைதான் வந்திருக்கும். இதுக்கு ஆர் விசா குடுத்தது?"

இந்தப் பயணத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒருதடவைதான். பக்கத்து விடுதியில் சாப்பிடப் போனோம். கதவில் ஓர் அறிவித்தல்: மோட்டார் சைக்கிள் கும்பல்களின் சின்னம் அணிந்தவர்களுக்கு அனுமதி இல்லை. நான் நின்று யோசித்துக்கொண்டிருக்க, சுதன் மேற்சட்டையைக் கழற்றி உட்புறம் வெளியே வரும்படி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனான். பழகிய கை. நானும் கழற்றினேன். மீனும் உருளைக்கிழங்கும் 24 டொலர்.

மாலை 6.10, மெல்பேர்ணின் வடக்கு விளிம்பு

ஒல்பரியில் மறே ஆற்றைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். ஆறு அப்படியொன்றும் பெரிதில்லை, எங்கள் ஊர்க் குளமொன்று நீண்டதுபோலத்தான். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு சட்டம், அந்தக் கரையில் வேறொன்று. நாளை பேசப்போகும் சட்டமூலம் நிறைவேறினாலும் ஆற்றங்கரையோடு நின்றுவிடும்.

அறை 139 டொலர். நான் குளித்துவிட்டு வரும்போது சுதன் கட்டிலில் இருந்து சட்டமூலத்தின் வரைவை வாசித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு பக்கம், ஆங்கிலம், விரலை வைத்து வாசித்தான். நான் முதல் பக்கத்துச் சுருக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு அவனை இவ்வளவு தூரம் கூட்டிவந்திருந்தேன்.

"அண்ணை, இதிலை ஆறாவது பந்தியைப் பாருங்கோ. மறிச்சால் பேர், விலாசம், காரணம் எல்லாம் எழுதோணும். அஞ்சு வருசம் வைச்சிருக்கோணும்."

"நல்லதுதானே. இனிக் காரணமில்லாமல் மறிக்கேலாது."

"உங்களுக்கு நல்லது." அவன் தாளைத் தட்டினான். "இவ்வளவு நாளும் மறிச்சதிலை பாதி எழுத்திலை இல்லை. இது சிட்னிக்கும் வந்தால் ஒவ்வொண்டும் என்ரை பேரிலை றெக்கோர்ட்டா நிக்கும். இமிகிறேசன் கேட்டால் பொலிஸ் குடுக்காதோ?"

முப்பது வருடம் ரயில்வே சமிக்ஞைப் பொறியியலாளராக வேலை செய்தவன். ஒரு விளக்கு பிழையாக எரிந்தால் என்னென்ன நடக்கும் என்று யோசிப்பதுதான் என் தொழில். இதை நான் யோசிக்கவில்லை. "நாளைக்கு அவையளிட்டையே கேள்" என்றேன்.

வெள்ளி, காலை 10.30

ஒரு நகரசபை மண்டபம். நாற்பது பேர் இருக்கும். பெரும்பாலும் வெள்ளைக்காரர், வயதானவர்கள், கைமுழுக்கப் பச்சை குத்தியவர்கள். முதலில் வந்து கைகொடுத்தவர் கென். எழுபது வயது, நரைத்த குடுமி, இளைப்பாறிய ரயில் சாரதி. இந்தச் சட்டமூலத்துக்காக மேலவை உறுப்பினரின் வாசலில் நாலு வருடம் ஏறி இறங்கியவர் அவர்தான். நானும் ரயில்வே என்றதும் சந்தோஷப்பட்டார். எங்கள் முதுகைத் திருப்பிப் பார்த்து, விளக்கு நன்றாக இருக்கிறது என்றார். நாடு வந்து இத்தனை வருடத்தில் அதைச் சொன்ன முதல் வெள்ளைக்காரர்.

கென் பேசினார். தன் மனைவியின் அடக்கத்துக்குப் போகும் வழியில் நண்பர்களைப் பொலிஸ் மறித்து, சவ வண்டி போன பிறகுதான் விட்டார்கள் என்றார். குரல் உயரவில்லை. தனக்குத் தந்த நேரத்தில் பாதியை விட்டு, "சிட்னியிலிருந்து வந்த தம்பி பேசட்டும்" என்று அமர்ந்தார்.

உறுப்பினரின் உதவியாளர், ஓர் இளம்பெண், சுதனிடம் குனிந்தாள். முழுப்பெயரும் விலாசமும் வேண்டும், பேச்சு பதிவாகி இணையத்தில் வெளியாகும் என்றாள்.

"யாரும் பார்க்கலாமா?" என்று சுதன் ஆங்கிலத்தில் கேட்டான்.

"யாரும் பார்க்கலாம்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, அதற்காக அவளுக்கு நன்றி.

சுதன் எழுந்தான். பெயர் சொல்லவில்லை. "மறித்த பதிவுகளை பொலிஸ் வேறு யாருக்குக் கொடுக்கலாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு இருந்துவிட்டான். முன் மேசையில் இருந்த மேலவை உறுப்பினர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மிக நல்ல கேள்வி, கவனிக்கிறோம் என்றார். பெயர் சொல்லாதவர்களின் கருத்து கூட்டக் குறிப்பில் சேராது என்று உதவியாளர் மெதுவாக நினைவூட்டினாள்.

மிச்ச நேரம் வெறுமையாகக் கிடந்தது. நான் எழுந்தேன். பெயரும் விலாசமும் கணீரென்று சொன்னேன். எனக்கென்ன பயம், குடியுரிமை எடுத்து இருபத்திரண்டு வருடம். என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றவனுக்குத் தலைவரின் வசனங்கள் வாயில் தயாராக இருந்தன. எங்கள் சங்கத்தில் மருத்துவர்கள், பொறியியலாளர்கள் இருக்கிறார்கள் என்றேன். வரி கட்டுகிறோம், பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்புகிறோம் என்றேன். "நாங்கள் அப்படிப்பட்ட ஆட்கள் அல்ல. எங்களையும் அப்படிப்பட்டவர்களையும் பொலிஸ் பிரித்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம்."

உறுப்பினர் எழுதிக்கொண்டே கேட்டார்: "இப்போது கேள்வி கேட்டவர் உங்கள் சங்கத்து உறுப்பினரா?"

சுதன் என் முழங்கைக்குப் பக்கத்தில், அதே மேற்சட்டையோடு இருந்தான்.

"இல்லை, எங்களோடு சும்மா வருபவர்" என்றேன்.

அவனைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று அந்த நிமிடம் நம்பினேன். பெயர் பதிவாகக்கூடாது என்று அவன்தானே நினைத்தான்? இருக்கட்டும். பள்ளிக்கூடத்தின் பேரையும் காப்பாற்றினேன், தலைவரின் சொல்லையும் காப்பாற்றினேன். ஒரே வசனத்தில் இத்தனை பேரைக் காப்பாற்றிய கெட்டிக்காரன் வேறு யார்?

வெளியே வண்டியடியில் கென் வந்தார். கை தரவில்லை.

"ஒன்று கேட்க வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் என்றாயே, அது நான்தானே?"

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவர் முடியும்வரை நிற்கவில்லை. சுதனின் தோளில் தட்டி, "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனி, பிற்பகல் 2.30, யாஸ் தாண்டி

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். சுதன் மேற்சட்டை போடவில்லை. வேலைத்தளத்தில் போடும் செம்மஞ்சள் சட்டையோடு வந்தான். நான் வீம்புக்கு என்னுடையதைப் போட்டிருந்தேன். 590 கிலோமீற்றரில் நாங்கள் பேசியது பெற்றோல் பற்றியும் மழை பற்றியும் மட்டும்.

யாஸ் தாண்டியதும் நீல விளக்கு. சுதன் எனக்கு நூறு மீற்றர் பின்னால் வந்துகொண்டிருந்தான். என்னை ஓரம் கட்டச் சொன்னார்கள். அவன் கடந்து போய், கொஞ்சம் தள்ளி நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். இந்த நாட்டில் என்னை மட்டும் மறித்தது இதுதான் முதல்முறை. இறங்கு என்றார்கள், திரும்பு என்றார்கள், சட்டையைக் கழற்று என்றார்கள். நான் விரித்துப் பிடித்தேன், படம் எடுத்தார்கள். என் இரண்டு கைகளும் தாமாகவே தொடையில் போய் நின்றன. பதினெட்டு வயதில், ஊரில் சோதனைச் சாவடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது நின்ற அதே நிற்பு. அங்கே காட்டிக்கொடுக்க முகமூடி போட்டு நிற்பவன் தலையாட்டினால் இராணுவம் ஆளைக் கொண்டுபோய்விடும். அதனால் முன்னால் போகிறவன் யாரென்று கேட்டால், தம்பியாக இருந்தாலும் தெரியாது என்போம்.

"அங்கே நிற்பவர் உங்களோடு வந்தவரா?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"இல்லை. தெரியாத ஆள்" என்றேன்.

அவர் சுதனைப் பார்த்துப் போகும்படி கையசைத்தார். சுதன் ஒரு கணம் நின்றான், பிறகு போய்விட்டான்.

பிற்பகல் 3.20, கோல்பேர்ணுக்கு முன் ஓய்விடம்

மர மேசையில் தேநீர்ப் போத்தலோடு அவன் காத்திருந்தான். எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினான்.

"என்ன கேட்டவங்கள், அண்ணை?"

"நீ என்னோடை வந்தனியோ எண்டு கேட்டாங்கள். தெரியாத ஆள் எண்டு சொன்னனான். உன்ரை நன்மைக்குத்தான் தம்பி."

"ஓம் அண்ணை" என்றான். "நேற்றும் என்ரை நன்மைக்குத்தான் சொன்னீங்கள்."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த மேற்சட்டையை எடுத்து மேசையில் வைத்தான். விளக்கு மேலே தெரிந்தது.

"இதைச் சங்கத்திலை குடுத்துவிடுங்கோ. உறுப்பினருக்குத்தானே."

கோப்பைகளை உதறித் துடைத்து வைத்தான். தலைக்கவசத்தைப் போட்டான்.

"நான் போறன் அண்ணை."

டூங்கபிக்கு இன்னும் 200 கிலோமீற்றர் இருந்தது. அதை நான் தனியாக ஓட்டினேன்.